வியாகுலம்மாள் ஏலம் விட்ட படம்

ஒப்பு போட மாட்டேன் என்று வியாகுலம்மாள் சொன்னபோது, மாமி விளையாடுகிறாள் என்றுதான் ஷீஜா நினைத்தாள். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் காலை ஏலம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். சூரை மீன் குவியலுக்கு முன்னால் நின்று விலை கூவிக்கொண்டிருந்தவளின் மூக்குக்கு நேரே ஒரு தாளையும் பேனாவையும் நீட்டியது இவள் தப்புதான். கோயிலில் பூசை நடக்கும்போது சாமியாரிடம் போய் மணி என்ன என்று கேட்கிற மாதிரி. ஆனால் அவளுக்கு வேறு வழி இல்லை, மத்தியானத்துக்குள் அந்தக் கையெழுத்து வேண்டும்.

கோட்டாறில் ஒரு லாட்ஜ் அறையில் முருகதாஸ் உட்கார்ந்திருந்தார். சென்னைக்காரர். செல்போனிலும் வீட்டு டிவியிலும் படம் காட்டுகிற ஒரு கம்பெனிக்குப் படங்களைப் பார்த்து வாங்குகிறவர். ஷீஜா எடுத்த முதல் படத்தை இருபத்தைந்து லட்சத்துக்கு மொத்தமாக வாங்கிக்கொள்ளச் சம்மதித்து, ஒப்பந்தத்தோடு நேரிலேயே வந்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. படத்துக்குக் காசு போட்ட ஒவ்வொருவரும், இதை விற்பதில் எனக்கு உரிமை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாரும் கொடுத்தாயிற்று, வியாகுலம்மாள் மட்டும்தான் பாக்கி. மத்தியான ரயிலில் மனுஷன் ஏறிவிட்டால் கதை முடிந்தது. மாதக் கடைசியில் சென்னை வட்டிக்காரர் படத்தை எடுத்துக்கொள்வார்.

அது என்ன வட்டிக்காரர், படத்தை எப்படி எடுத்துக்கொள்வார் என்று கேட்பீர்கள். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல் தானாகப் படம் எடுக்கக் கிளம்பினால் பல பக்கமிருந்தும் காசு வரும், ஒவ்வொரு காசுக்கும் ஒரு குணம் உண்டு. ஷீஜா முதலில் போட்டது கல்யாண வீடியோ எடுத்துச் சேர்த்த சொந்தக் காசு. அது யாருக்கும் பதில் சொல்லாது, தூக்கத்தை மட்டும் கெடுக்கும். அடுத்தது கல்ஃபில், தம்மாமில் வேலை பார்க்கும் அண்ணன் ஜெஃப்ரின் அனுப்பியது. அண்ணன் திருப்பிக் கேட்கவே மாட்டான், ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் போன் போட்டு எப்போ ரிலீஸ் என்று கேட்பான். கடன்காரன் கேட்பதைவிட அது வலிக்கும். கேமராமேன் டெல்வினும் இன்னும் எட்டுப் பேரும் சம்பளமே வாங்கவில்லை. மீன்பிடி வள்ளத்தில் போகிறவர்களைப் போலப் பங்குக்கு வந்தவர்கள். படம் விற்றால்தான் அவர்களுக்குக் கஞ்சி. வெளிநாட்டு அமைப்பு ஒன்று கொஞ்சம் நிதி கொடுத்தது, திருப்பித் தர வேண்டாம், ஆனால் குடித்த டீக்கெல்லாம் பில் கேட்டுப் பிராணனை வாங்கிவிட்டது. இவ்வளவும் தீர்ந்து, படத்துக்குச் சத்தம் சேர்க்கக் காசில்லாமல் நின்றபோதுதான் சென்னையில் அந்த வட்டிக்காரர் வாய்த்தார். படத்தையே ஈடாக எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வெடுக்காத காசு அது. பதினோரு லட்சமாக வளர்ந்து, இந்த மாதக் கடைசியில் கெடு வைத்து நின்றது.

இவ்வளவையும் தரம் பிரித்துத் தெரிந்து வைத்திருந்தவள் ஒரு காசை மட்டும் தப்பான இடத்தில் வைத்துவிட்டாள். வியாகுலம்மாள் கொடுத்த எட்டு லட்சம். படப்பிடிப்பு தொடங்கும் முன், இதே துறைமுகத்தில், காலை ஏலம் முடிந்த கையோடு நாலு பேர் பார்க்க ஷீஜாவின் கையில் வைத்து அழுத்தினாள். "இவளுக்க மீனு இனி எனக்க ஏலத்துலதான், கேட்டியளா?" என்று மாமி சுற்றி நின்றவர்களிடம் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். ஷீஜாவும் சிரித்துக்கொண்டே, ஆமா மாமி, மீனு ஒங்களுக்குத்தான் என்றாள். சொந்தக்காரர் கைமாற்று என்று மனசில் குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்கு இப்படியும் ஒரு மறதி வருமா என்று கேட்டால், வரும், சென்னையில் சினிமா படித்துவிட்டு வந்தால் வரும். வள்ளக்காரனுக்கு ஏலக்காரி கொடுப்பது கடன் இல்லை. அதற்கு வட்டி கிடையாது, கெடு கிடையாது, கடலில் ஒன்றும் கிடைக்காவிட்டால் கேட்கவும் மாட்டாள். ஆனால் மீன் வந்தால் அதை விலை கூறி விற்பது அவள்தான், அவள் கமிஷன் எடுத்தது போகத்தான் மற்றதெல்லாம். வள்ளக்காரன் அந்த மீனை ஒளித்து வேறு ஆளிடம் விற்றான் என்றால் கரையில் அவன் முகத்தில் யாரும் முழிக்க மாட்டார்கள். ஷீஜாவின் அப்பா செத்துப்போகும்வரை வியாகுலம்மாளுக்குத்தான் மீன் போட்டார். இதெல்லாம் அவளுக்கு எழுத்துக் கற்கும் முன்பே தெரியும். சினிமாவுக்கும் அது பொருந்தும் என்றுதான் தோன்றவில்லை.

"நான் தந்தது கடன்னு ஒனக்கு ஆருட்டி சொன்னா?" என்றாள் மாமி. தாளை வாங்கக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து ஏலத்தளத்தில் ஒரு களேபரம். களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வருகிற ஒரு வியாபாரி, முந்தின நாள் கணவாய் மீன் எடுத்தவன், பணம் தராமலே லாரியை விட்டுவிட்டானாம், போனையும் அணைத்துவிட்டானாம். வள்ளக்காரன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். வியாகுலம்மாள் அந்த வியாபாரியின் ஏழு தலைமுறையையும் வைது தீர்த்தாள். வைதுகொண்டே இடுப்புப் பையைத் திறந்து வள்ளக்காரனுக்குப் பணத்தைக் கொடுத்து அனுப்பினாள். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மூணு தரம் சொல்லி ஏலத்தை முடித்தவள் அவள், வாங்கியவன் ஓடினால் அவள்தான் கொடுக்க வேண்டும், கரையில் அப்படித்தான். ஷீஜா அதைக் கவனிக்கக்கூட இல்லை, அவள் கண்ணெல்லாம் செல்போனில் மணி பார்ப்பதில் இருந்தது.

கெஞ்சிப் பார்த்தாள். எட்டு லட்சத்தை இன்றைக்கே வட்டியோடு தந்துவிடுகிறேன் என்றாள். வட்டி என்ற சொல்லைக் கேட்டதும் மாமியின் முகம் கறுத்துவிட்டது. கடைசியில் ஒரே பேச்சாகச் சொன்னாள், வாங்குகிறவன் எங்கே இருக்கிறான், அங்கே கூட்டிக்கொண்டு போ, விற்கிறது நான்தான். டெல்வின் அவன் மச்சானின் காரைக் கொண்டு வந்திருந்தான். வேறு என்ன செய்ய, ஏற்றினார்கள்.

கார் கருங்கல் ஊரைத் தாண்டியது. மாமி வழியில் வீட்டில் இறங்கிச் சேலை மாற்றி, பவுடர் போட்டு, பூசைக்குப் போகிற மாதிரிதான் வந்திருந்தாள். மாமி, அவரு பெரிய கம்பெனிக்காரரு, மீன்காரன் இல்ல, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், ஒப்பு மட்டும் போடுங்க என்று ஷீஜா மறுபடியும் தொடங்கினாள். மாமி வெளியே பார்த்துக்கொண்டே, எத்தனை பேர் விலை கேட்டார்கள் என்றாள். இவர் ஒருத்தர்தான் என்றாள் ஷீஜா.

"ஒத்த ஆளு நின்னா அது ஏலம் இல்ல மக்கா. அது பிச்ச."

முருகதாஸ் மரியாதை தெரிந்தவர். லாட்ஜ் அறைக்குள் இவர்கள் நுழைந்ததும் எழுந்து நாற்காலி போட்டார், காபி சொன்னார். கட்டிலில் ஒப்பந்தம் விரித்து வைத்திருந்தது, பேனாவும் மேலேயே இருந்தது. ஷீஜா விஷயத்தைப் பூசி மெழுகிச் சொன்னாள். இவங்க எனக்குச் சொந்தம், ஒரு சின்ன சந்தேகம் கேட்க வந்திருக்காங்க என்று. மாமி அவளைப் பேசி முடிக்க விடவில்லை. இந்தப் படத்தை விற்கும் பொறுப்பு என்னுடையது, கரையில் முன்பணம் கொடுத்தவள் நான், விலையை என்னிடம் பேசும் சாரே என்றாள். முருகதாஸின் சிரிப்பு பாதியில் நின்றது. எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எழுத்து எதுக்கு, அவள் வாயால் சொன்னதை அத்தனை பேர் கேட்டார்களே என்றாள் மாமி. அவர் ஷீஜாவைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்கு ஒரு பொய் போதும். மாமி தமாஷ் பண்றாங்க சார், அப்படி ஒண்ணும் இல்ல என்று சொன்னால் தீர்ந்தது. எழுத்து இல்லாத பேச்சை எந்தக் கோர்ட்டும் கேட்காது, அது அவளுக்கும் தெரியும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. டெல்வின் சுவரைப் பார்த்து நின்றான். அவன் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசி நிற்பதும், அவன் பங்கை நம்பித்தான் அந்தப் பேச்சு நிற்பதும் அவளுக்குத் தெரியும். இருந்தும் மாமியை வைத்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை. "நான் அப்பிடிச் சொன்னது உண்டு சார்," என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை முருகதாஸ் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். வியாகுலம்மாள் கைப்பேசியை எடுத்துக் களியக்காவிளையில் தியேட்டர் வைத்திருக்கும் வைகுண்டராஜனைக் கூப்பிட்டாள். அவர் வீட்டுக்கு வருஷக்கணக்காக நெய்மீன் கொடுக்கிறவள் அவள். ஸ்பீக்கரில் போட்டு, நம்ம கரைப் பிள்ளை எடுத்த படம், ரெண்டு ஸ்டேட் எல்லையிலும் தியேட்டரில் ஓட்டுவதற்கு மட்டும் என்ன தருவீர் என்றாள். வைகுண்டராஜன் கொஞ்சம் யோசித்து, கமிஷன் கணக்கில் வேண்டுமானால் ஓட்டுகிறேன், ஓடினால் பங்கு, இல்லையென்றால் இல்லை என்றார். ஓடினால் என்கிற பேச்சே வேண்டாம், ஓடினாலும் ஓடாவிட்டாலும் கையில் வருவது எவ்வளவு என்றாள் மாமி. எம்.ஜி. கேட்கிறீர்களா என்று அவர் சிரித்தார். ஷீஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதலிலேயே ஒரு தொகையைக் கையில் வைக்கிற அந்த எம்.ஜி.க்காக எத்தனை ஆபீஸ் வாசலில் நின்று திரும்பியிருக்கிறாள். மாமிக்கு அந்தப் பேர்கூடத் தெரியாது. வைகுண்டராஜன் ஏழு லட்சம் என்றார்.

மாமி முருகதாஸைப் பார்த்தாள். தியேட்டர் உரிமையும் சேர்த்துத்தான் எங்கள் விலை, பிரித்து விற்றால் எங்களுக்கு வேண்டாம் என்றார் அவர். அப்படியானால் இருபத்தஞ்சும் ஏழும் சேர்த்து முப்பத்திரண்டு என்றாள் மாமி. அவர் முடியாது என்றார். இருபத்தேழு என்றார். கொஞ்ச நேரம் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துவிட்டு இருபத்தொன்பது என்றார். மாமி காபியை ஆற்றிக் குடித்தாள். நடுவில் ஒரு கேள்வி கேட்டார், படத்தைப் பார்த்தீர்களா அம்மா என்று. மீனைத் தின்று பார்த்துவிட்டா விற்கிறோம் என்றாள் அவள். முருகதாஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு, சரி, முப்பத்திரண்டு வைத்துக்கொள்ளுங்கள் என்கிற பாவனையில் தலையை ஆட்டினார்.

அவ்வளவுதான். மாமி எழுந்து நின்றாள். "முப்பத்திரண்டு, ஒரு தரம். முப்பத்திரண்டு, ரெண்டு தரம். முப்பத்திரண்டு, மூணு தரம்." தன் உள்ளங்கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். போனில் இன்னும் இருந்த வைகுண்டராஜனிடம், மீன் போச்சு ஓய் என்று சொல்லி அணைத்தாள். ஷீஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முப்பத்திரண்டு! வட்டிக்காரர் போக, மாமி போக, ஒன்பது பேருக்கும் பங்கு வைக்கலாம். டெல்வின் சுவரை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்று முருகதாஸ் போனோடு வெளியே போனார். மாடிப்படிப் பக்கம் அவர் குரல் கேட்டது. முதலில் சாதாரணமாக இருந்தது, பிறகு தணிந்தது, பிறகு அவர் பேசவே இல்லை, கேட்டுக்கொண்டிருந்தார். கீழே தெருவில் வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. ஷீஜா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வந்து உட்காராமலே பேசினார். கம்பெனி வக்கீல்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம் என்கிறார்களாம். விற்க எனக்குத்தான் உரிமை என்று வாய்வார்த்தையாகச் சொல்கிற ஆள் ஒருவர் இருக்கிற படத்தைத் தொடவே கூடாதாம், முப்பத்திரண்டுக்கும் கூடாது, இருபத்தைந்துக்கும் கூடாது. அந்த அம்மா ஒப்புப் போட்டுக் கொடுத்தால் என்ன சார் என்று ஷீஜா கேட்டாள். இனிமேல் போட்டாலும் செல்லாது, பேச்சை அவர்கள் காதிலேயே போட்டுவிட்டேன், என் கையில் இல்லை என்றார். ஒப்பந்தத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது, முகம் வாடித்தான் இருந்தது.

"நீரு தலையாட்டினீரே சாரே," என்றாள் மாமி.

"அது பேச்சுவார்த்தைம்மா. கையெழுத்துப் போட்டாத்தான் வாங்கினது."

மாமிக்கு அது விளங்கவே இல்லை. தலையாட்டியவன் பின்வாங்குவதை அவள் பார்த்ததில்லையா, பார்த்திருக்கிறாள், நேற்றுகூட ஒருத்தன் ஓடியிருக்கிறான். ஆனால் ஓடினவன் திருடன் என்று கரை முழுக்கச் சொல்லும். இந்த மனுஷனோ கும்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போகிறார்.

அறைக்கு அன்று முழுக்க வாடகை கட்டியிருந்தது. மூன்று பேரும் அதற்குள்ளேயே நின்றார்கள். டெல்வின் வைகுண்டராஜனை மறுபடி கூப்பிட்டுப் பார்த்தான். சென்னைக் கம்பெனி வேண்டாம் என்று போன படம் எனக்கெதுக்கு என்று அவர் வைத்துவிட்டார். அப்போதுதான் ஷீஜா உடைந்துபோனாள்.

"கொன்னுட்டீங்க மாமி. எனக்க படத்தக் கொன்னுட்டீங்க. ஒரு ஒப்புதானே கேட்டேன்."

இன்னும் என்னென்னவோ சொன்னாள். இருபத்தைந்து கையில் இருந்ததே, ஆசைப்பட்டது யார், ஒன்பது பேருக்கு நான் என்ன பதில் சொல்வேன், இந்த மாசம் முடிந்தால் படம் யாரோ ஒருத்தன் அலமாரியில் கிடக்கும், நான் எடுத்ததென்று சொல்லிக்கக்கூட முடியாது என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வியாகுலம்மாள் கட்டிலில் உட்கார்ந்து, ஒன்றும் மறுத்துப் பேசாமல், எல்லாவற்றையும் கேட்டாள்.

எல்லாம் அடங்கின பிறகு மாமி டெல்வினைப் பார்த்து, நான் எத்தனை தரம் சொன்னேன் என்று கேட்டாள். மூணு என்றான் அவன்.

"அப்போ வித்தாச்சி. வாங்கினவன் ஓடினா தாறது நான்."

ஷீஜாவுக்கு முதலில் புரியவில்லை. மாமி கைப்பேசியை எடுத்ததும் புரிந்தது. துறைமுகத்துப் பக்கத்திலுள்ள ஐஸ் கம்பெனியில் மாமிக்குப் பாதி உண்டு. அதைத் தனக்கே விலைக்கு எழுதித் தரச் சொல்லி அவள் தம்பி ராஜமணி வருஷக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தான், அவள் பிடி கொடுத்ததே இல்லை. இப்போது அங்கேயே உட்கார்ந்து அவனைக் கூப்பிட்டாள். நாளைக்குப் பத்திரத்துக்கு ஆளைக் கூட்டிவா என்றாள். அந்தப் பக்கம் அவன் நம்பாமல் திருப்பித் திருப்பிக் கேட்டான். காது கேக்கலியாலே என்று ஒரு அதட்டல் போட்டு வைத்தாள். பிறகு ஷீஜாவிடம், எட்டு நான் முன்னால் தந்தது, அது போக இருபத்திநாலு தருவேன், வட்டிக்காரனுக்கு உள்ளதை முதலில் அடைத்துப் படத்தை மீட்டுவிடு என்றாள். காலையில் வள்ளக்காரனுக்கு எடுத்துக் கொடுத்தாளே, அதே குரலில்தான் சொன்னாள். கை மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒரு நல்ல மனுஷி அதைத்தான் சொல்வாள். ஷீஜா வாயைத் திறந்தாள். டெல்வின் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவன் தங்கச்சி, மற்ற எட்டுப் பேர், மாதக் கடைசி, எல்லாம் அவள் கண் முன்னால் வந்து நின்றன. கொஞ்சம் முன்புவரை மாமி மேல் இருந்த ஆத்திரம்கூட இன்னும் முழுதாகப் போகவில்லை, தரட்டுமே என்று அதுவும் ஒரு பக்கம் சொன்னது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல மாமி."

"ஏம் சொல்லணும்? ஒனக்க அப்பன் ஒருநாளும் சொன்னதில்லியே." மாமி மூக்கை உறிஞ்சினாள். "காசு நான் தந்தா படம் ஆருக்குள்ளது?"

"ஒங்களுக்குள்ளது."

"அப்போ போட்டுக் காட்டு."

டெல்வின் லேப்டாப்பை நாற்காலி மேல் வைத்தான், ஷீஜா ஜன்னலைச் சாத்தினாள். வியாகுலம்மாள் கட்டிலில் சம்மணம் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். கல்ஃபிலிருந்து திரும்பி வந்து பேச்சே இல்லாமல் கிடக்கும் புருஷனும், அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கும் பெண்ணும்தான் கதை. ஷீஜா படத்தைப் பார்க்கவில்லை, மாமியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு இடத்தில் மாமி உச்சுக்கொட்டினாள். ஒரு இடத்தில் அந்தப் புருஷனை வைதாள். நடுவில் ராஜமணி கூப்பிட்டபோது எடுக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தாள். கடைசிக் காட்சியில் அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே நடந்து போனாள், படம் முடிந்தது.

மாமி கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். அந்தப் பிள்ளை போகும்போது அவனை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றாள். நல்லா இருக்கிறது என்பாளா, ஏன் இதற்குப் போய் என்பாளா என்று ஷீஜாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. முருகதாஸ் விலை சொன்னபோதுகூட அப்படி அடித்துக்கொள்ளவில்லை.

மாமி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். கதவருகே போய் நின்று, படம் அணைந்து கிடந்த லேப்டாப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"முப்பத்திரண்டு கொஞ்சம் கூடுதல்தாம் மக்கா," என்றாள். "ஆனா தரம் சொல்லியாச்சே."

டெல்வினிடம் காரை எடுக்கச் சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கினாள்.